மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். என் மகள் இரண்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடித்த கையோடு, உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நானும் அவளும் துபாய்க்குக் கிளம்பினோம். அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அங்கே பைப் ஃபிட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், லீவில் ஊருக்குப் போன ஒரு நண்பரின் அறையைக் கேட்டு வாங்கி, ஒரு மாத விசிட் விசாவில் எங்களை வரவழைத்திருந்தார். ஊரே வாயைப் பிளந்தது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கவலை. காரணம் என் மகள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர் அவர். நடுவில் ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போனார். அது அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் போனில் இரண்டு பேரும் அப்படி ஒரு ஒட்டு. வெள்ளிக்கிழமையானால் பஜாரில் இருந்த டெலிபோன் பூத்தில் போய்க் காத்திருப்போம். மணி அடித்ததும் ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கி, "நைனா! நைனா!" என்று பூத்துக்கார பாய் காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குக் கத்துவாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது வரைக்கும் ஒப்பிப்பாள்.

அந்த நைனா நேரில் வந்து நின்றபோதுதான் வந்தது வினை. விமான நிலையத்தில் முன்மண்டை வழுக்கையாகி, மீசை நரைக்க ஆரம்பித்திருந்த ஒரு மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இவள் என் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "அவர அந்தப் பக்கம் தள்ளி உக்கார சொல்லுமா." "அவரு சாப்ட்டாச்சான்னு கேளுமா." மிரட்டிப் பார்த்தேன். ஐஸ்கிரீமைக் காட்டிக் கெஞ்சியும் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாளே தவிர, அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

ஒருநாள் அவர் எங்களுக்காகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். இவள் என் காதோரம் வந்து, ஆனால் ரகசியம் பேசத் தெரியாத குரலில் கேட்டாள்: "நைனா எப்பம்மா போன் பண்ணும்?"

தோசைக்கரண்டியின் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தோசை தீய்ந்த வாடைதான் வந்தது. அன்று அவர் முதுகைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விசா முடிந்து நாங்கள் கிளம்பிவிட்டால், அப்புறம் அவர் ஊருக்கு வர இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. அதற்குள் இவள் இன்னும் விலகிப்போய்விடுவாள். அவருக்கும் அது தெரியும்.

கடைசி வெள்ளிக்கிழமை, "பாலைவனத்துக்குப் போலாம். பலக மேல குந்திக்கினு மணல்ல சறுக்குவாங்க. பாப்பாவுக்குப் புடிக்கும்" என்றார். அவரோடு வேலை செய்யும் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் தன் பிக்-அப் வண்டியில் அழைத்துப் போக ஒத்துக்கொண்டார். "மணலப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று நான் முனகினேன். செய்யாறும் பாலாறும் பார்த்து வளர்ந்தவள் நான். மணலில் அப்படி என்ன பெரிய அதிசயம் இருந்துவிடப் போகிறது?

வண்டியை விட்டு இறங்கியதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. குங்குமப்பூ கரைத்த பால் நிறத்தில் மணல், மலையாக எழுந்து நின்றது. ஒரு மேடு முடிந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, அதற்கும் பின்னால் இன்னொன்று. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மரம் இல்லை, ஒரு காக்கை இல்லை. களத்தில் தூற்றும்போது பதர் பறக்குமே, அப்படி மேட்டின் உச்சியிலிருந்து மணல் பறந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஏறி வந்த கால்தடங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் தூர்ந்துபோயின. அந்த இடத்துக்கு நாங்கள் வந்ததே தெரியாது போலிருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

உச்சியிலிருந்து சரிவில் பலபேர் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு பலகை வாங்கி வந்தார். மகளுக்குக் கேட்கும்படி என்னிடம், "இதெல்லாம் ஒரு மேடா? நம்ம ஏரிக்கரைல தென்ன மட்ட மேல குந்திக்கினு நான் வுடாத சறுக்கலா?" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஏரிக்கரையில் சறுக்கும்போது முதலில் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சரிவில் ஊற்றுவார்கள். களிமண் நனைந்தால் மட்டை எண்ணெயில் விட்ட மாதிரி வழுக்கும். அதே நினைப்பில் இவர் குடிக்க வைத்திருந்த பாட்டிலைத் திறந்து, பலகைக்கு அடியிலும் முன்னால் இருந்த மணலிலும் தாராளமாக ஊற்றினார். பட்டாணியர் கையை ஆட்டிக்கொண்டு, "பானி நஹி! பானி நஹி!" என்று கத்தினார். இவர், எல்லாம் தெரியும் என்கிற தோரணையில் "மாலும், மாலும்" என்று சொல்லிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்து காலால் உந்தினார்.

ஈர மணல் பலகையைக் கவ்விக்கொண்டது. பலகை அங்கேயே நின்றுவிட்டது. இவர் மட்டும் போனார், தலைகுப்புற. எழுந்தபோது மீசை, புருவம், காது எல்லாம் மணல். சுற்றி நின்ற எல்லா தேசத்துக்காரர்களும் ஒரே மொழியில் சிரித்தார்கள். "இந்த ஊரு மணலே சரியில்ல" என்றார். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நானும் சிரித்துவிட்டேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார் போல. முகம் செத்துப்போனது.

பட்டாணியர் பலகையைத் துடைத்துக் காயவைத்து, பாக்கெட்டிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து அடியில் தேய்தேய் என்று தேய்த்துக் கொடுத்தார். பிறகு தொழுகை நேரம் ஆகிவிட்டதென்று வண்டிப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். இவர் வெட்கப்பட்டுக்கொண்டு, கூட்டம் இல்லாத இடமாக உச்சியிலேயே கொஞ்ச தூரம் நடந்து போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அங்கே மறுபக்கம் பெரிய பள்ளம். வெயில் இறங்கிவிட்டதால் பாதி இருட்டு. "இங்க வாணாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விர்ரென்று போய்விட்டார். சரிவு பாதியில் புடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் ஆள் தெரியவில்லை. மணல் சரியும் சத்தம் மட்டும் உஸ்ஸென்று வந்து, அதுவும் அடங்கிவிட்டது.

"இன்னாங்க! கேக்குதா?"

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். என் குரலை அந்த மணல் அப்படியே குடித்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். கீழே பலகை மட்டும் தலைகீழாகக் கிடந்தது.  கழுத்து ஒடிந்திருக்குமோ, மணல் மூடியிருக்குமோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "நைனா!"

பூத்தில் கத்துகிற அதே குரல். அந்தப் பாலைவனம் முழுக்கக் கேட்டிருக்கும். பள்ளத்திலிருந்து பதில் இல்லை. "நைனா! நைனா!" என்று அலறியபடி, நான் கையைப் பிடிப்பதற்குள் கவுனோடு சரிவில் உட்கார்ந்து, மணலோடு மணலாக இறங்கிவிட்டாள். நானும் விழுந்து புரண்டு பின்னாலேயே போனேன்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. கண் திறந்திருந்தது. மகள் அவர் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து, சட்டையைப் பிடித்து உலுக்கி, "ஏன் நைனா பதில் சொல்லல? ஏன் சொல்லல?" என்று கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "உனக்கு அறிவுகீதா? நாங்க செத்துப் பொழைச்சோம். வாயத் தொறந்து ஒரு கொரல் குடுத்தா இன்னா?" என்று கையை ஓங்கினேன்.

அவர் அவளை அணைத்தபடியே சொன்னார்: "பாப்பா மொதோ தபா கூப்ட்டப்பவே கேட்டுச்சு. நான் பேசிட்டா கூப்புடறத நிறுத்திடும்னு தோணிச்சு. இன்னொரு தபா கேக்கலாம்னுதான் பட்த்துக்கினு இருந்தேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். நாலு பக்கமும் மணல் சுவராக எழுந்து நிற்க, தலைக்கு மேலே துண்டு வானத்தில் முதல் நட்சத்திரங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. காற்றுகூட அந்தப் பள்ளத்துக்குள் வரவில்லை. அவ்வளவு பெரிய அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதன் நடுவில் அந்தச் சின்ன வாய் மட்டும் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்துவிட்டிருந்தது. பட்டாணியர் டார்ச் விளக்கோடு தேடி வரும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். மகளும் வேலைக்குப் போகிறாள். வீட்டுக்குள் நுழையும்போதே "நைனா!" என்று கூப்பிடுவாள். அவர் பக்கத்து அறையில்தான் இருப்பார், காதும் நன்றாகக் கேட்கும், ஆனாலும் முதல் குரலுக்குப் பதில் சொல்லவே மாட்டார். அவள் இரண்டாவது தடவை கூப்பிடுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருக்கிற அந்த ஒரு நிமிஷத்தில், அன்றைக்கு அந்த மணலுக்கு முன்னால் வாயடைத்து நின்ற மாதிரியே நான் இன்றைக்கும் நின்றுவிடுகிறேன்.