ஒரு சாண் சரக்கு வேன்

லீவில் ஊருக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு ரயில் பெட்டியை உடைத்தேன்.

பதறாதீர்கள்... ஒரு சாண் நீளம்தான். துபாய் அல் குசைஸில் எங்கள் ஃப்ளாட்டின் டைனிங் டேபிளில் பழைய பேப்பரை விரித்து, ஸ்க்ரூடிரைவரும் வெங்காயக் கத்தியுமாக உட்கார்ந்திருந்தேன். வாசல் கதவுக்குத் தாழ் போட்டிருந்தேன். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டிருந்தேன். நல்ல காரியம் செய்கிறவன் திரையை எதற்கு இழுக்கிறான்?

நான் சந்தேகப் பிராணி என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை பார்ப்பேன். முன்பின் தெரியாதவர் சிரித்துக்கொண்டே வந்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். துபாயில் பதினேழு வருஷம் ஆகிறது. இதுவரை பர்ஸ் தொலைந்ததில்லை — நண்பர்கள்தான் கொஞ்சம் குறைவு.

தங்கவேல் என்பவரை எனக்கு மூன்று மாதமாகத்தான் தெரியும். எங்கள் ஏரியா கராஜில் பெயின்டர். ஜோலார்பேட்டைக்காரர். என் கார் பம்பரை யாரோ உரசிவிட்டுப் போக, சரி செய்யக் கொண்டுபோனேன். மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் நிழலில் படுத்திருந்தார்கள். இவர் மட்டும் ஒரு பொம்மை ரயில் பெட்டியை மடியில் வைத்து, அதன் சிரித்த மூஞ்சியைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார்.

பத்து திர்ஹாம் கடையில் விற்குமே... மஞ்சள் பெட்டி, சிவப்புக் கூரை, முன்னால் இரண்டு கண், ஒரு சிரிப்பு. அதேதான்.

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

"சரக்கு வேன் பண்றேன் சார். நம்ம ஊர் கூட்ஸ்ல வருமே, மூடின பெட்டி... அது."

பேசப் பேச ஆளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதலில் சிரிப்பைச் சீவ வேண்டுமாம். பிறகு ஜன்னல்களை அடைக்க வேண்டும் — அதற்குக் காரில் நசுங்கிய பள்ளத்தை நிரப்புகிற பட்டிதான். மோர் வருகிற லபன் டப்பாவைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டினால் பக்கவாட்டில் நிற்கும் இரும்புப் பட்டைகள். ஸ்டேப்ளர் பின்னை வளைத்தால் கைப்பிடி. கராஜில் மீந்த பிரைமர், அதன்மேல் செங்காவி. கடைசியாக ஸ்பாஞ்சில் துரு.

"துருவுமா?"

"துரு இல்லன்னா அது பொம்மைதான் சார்."

அந்தத் துருவும் கற்பனை இல்லை. அவருடைய மனைவி மலர்விழி சரக்கு ரயிலில் கார்டு. யார்டில் நிற்கும் பெட்டிகளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவாராம். கதவுக்குக் கீழே எவ்வளவு துரு, மூலையில் எங்கே நசுங்கல்... எல்லாம் அதைப் பார்த்துத்தான். புருஷன் பெண்டாட்டி துருவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஊருக்குப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னேன். மறுநாளே பிரவுன் டேப் சுற்றிய ஷூ பெட்டியோடு வாசலில் நின்றார்.

"முடிஞ்சிருச்சி சார். மூணு மாச ஞாயித்துக்கிழமை. நீங்க காட்பாடிதான? அவ அந்தப் பக்கம் டூட்டி வருவா, வூட்டுக்கே வந்து வாங்கிக்குவா. கையிலயே எடுத்துனு போங்க, லக்கேஜ்ல போடாதீங்க. அவ கையிலதான் குடுக்கணும், வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. ஏர்போர்ட்ல கேட்டா பொம்மைன்னு சொல்லிடுங்க."

நீங்களே சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் எப்படி இருக்கிறது?

பெட்டியைக் கையில் வாங்கினேன். கனத்தது. பிளாஸ்டிக் பொம்மைக்கு ஏது இந்தக் கனம்? அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன். அதே பத்து திர்ஹாம் கடைக்குப் போய், அதே சிரித்த மூஞ்சிப் பெட்டி ஒன்று வாங்கிவந்து, இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்தேன். தங்கவேலின் பெட்டி நாலு மடங்கு.

"அவரையே கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டா உண்மையவா சொல்லப்போறான்?"

வளைகுடாவிலிருந்து கைப்பார்சல் கொண்டுபோகாத தமிழன் இல்லை. கைப்பார்சலுக்குள் தங்கம் என்ற கதையைக் கேட்காதவனும் இல்லை. பிடிபட்டபின் 'என்னுடையது இல்லை, தங்கவேலுடையது' என்று சொன்னால் விட்டுவிடுவார்களா? வேலை, விசா, மானம்... மூன்றும் ஒரு சாண் பெட்டிக்குள் போய்விடும். உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அதனால்தான் ஸ்க்ரூடிரைவர். முதலில் கதவைத் திறக்கப் பார்த்தேன். தாழ்ப்பாளில் ஏதோ மயிரிழை போல ஒரு கம்பி. நகவெட்டியால் நறுக்கினேன். அப்போதும் திறக்கவில்லை — வெறும் ஒப்புக்குச் செய்த கதவு. கூரையின் விளிம்பில் கத்தியை விட்டு நெம்பினேன். 'படக்'.

உள்ளே பஞ்சில் பொதிந்து சாம்பல் நிறக் குண்டுகள். தங்கத்துக்குப் பெயின்ட் அடித்திருப்பானோ? விட்டேனா... ஒன்றைச் சுரண்டினேன். சாம்பல். இன்னும் சுரண்டினேன். சாம்பலேதான். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டு.

இணையத்தில் தேடினால் இரண்டே நிமிஷத்தில் பதில் கிடைத்தது. மலிவுப் பெட்டி காற்றுப்போல லேசாக இருக்கும், பொம்மைத் தண்டவாளத்தில் குதித்துத் தடம் புரளும். அதனால் உள்ளே கனம் வைப்பார்களாம். உடைத்த பிறகு தேடினேன் என்பதுதான் என் புத்திசாலித்தனம்.

சூப்பர் க்ளூவால் கூரையை ஒட்டிக்கொண்டிருந்தபோது தங்கவேலின் போன் வந்தது.

"சார், வண்டி பத்திரமா கீதுங்களா?"

"பத்திரம்" என்றேன். என் கட்டைவிரல் கூரையில் ஒட்டியிருந்தது.

துபாயில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சென்னையில் கஸ்டம்ஸ் அதிகாரி ஷூ பெட்டியைத் தனியாக எடுத்துவைத்தார்.

"என்ன சார் இது, இவ்ளோ வெயிட்?"

"ஈயம் சார்! சத்தியமா ஈயம்தான். நானே சுரண்டிப் பார்த்துட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பொருள நீங்களே எதுக்கு சார் சுரண்டிப் பார்த்தீங்க?"

ஏதோ உளறினேன். சாட்சிக்கு என்று நான் சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு குண்டை அவரும் சுரண்டினார். பிறகு, போங்கள் என்று கையைக் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து மலர்விழி காட்பாடி வீட்டுக்கு வந்தார். டூட்டி முடித்து நேராக வந்தவர். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், தோளில் பை. காபி வேண்டாம் என்றார். வேனைக் கையில் எடுத்தவர் 'ஆஹா' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ரயிலைப் பொறுப்பேற்கும்போது அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. ஒரு கதவில் கண் நின்றது.

"இந்தப் பக்கம் சீல் இல்லியே சார்."

"சீலா?"

வேனைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே தாழ்ப்பாளில் அந்த மயிரிழைக் கம்பி. சரக்கு ஏற்றிய வேனின் கதவை அப்படித்தான் கம்பி கோத்து சீல் வைப்பார்களாம். "ஹெட்போன் ஒயரப் பிரிச்சி ரெண்டு பக்கமும் கட்டியிருக்கேன்னு சொன்னாரு."

"ஃப்ளைட்ல... ஆட்டத்துல... விழுந்திருக்கும்மா."

"தானா அறுந்தா, மிச்சம் கீற நுனி இழுத்துனு இருக்கும் சார். இது வெட்டினது."

எனக்குக் காது சுட்டது. என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்னைவிட நன்றாகச் சந்தேகப்படுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவர் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுகிறார். நான் சந்தேகப்பட்டுவிட்டுப் பார்த்தவன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தராசு முதல் கட்டைவிரல் வரை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பிரிச்சிப் பார்த்தது தப்பில்ல சார். நாளைக்கு நான் எடுத்துனு போனாலும் பார்ப்பேன். அவரு எதிர்ல பிரிச்சிருக்கலாமே? அவரே தொறந்து காட்டியிருப்பாரு. காட்டுறதுக்கு ஆள் இல்லாமத்தான அங்க உக்காந்துனு கீறாரு."

சொல்லிவிட்டு நம்பரைப் போட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். அந்தப் பக்கம் கராஜில் யாரோ "ஜல்தி, ஜல்தி" என்று கத்துவது கேட்டது. திட்டப்போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"கூரைய எதுல சார் ஒட்டினீங்க?"

"சூப்பர் க்ளூ."

"அய்யோ... அது வெள்ளையா பூத்துக்கும் சார். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

அவ்வளவுதான். ஏன் உடைத்தாய், என்னை என்னவென்று நினைத்தாய்... ஒன்றும் கேட்கவில்லை. பெயின்ட் கெட்டுப்போகாமல் அதை எப்படித் துடைப்பது என்று, போனை வாங்கிக்கொண்ட தன் மனைவிக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். மலர்விழி வேனை மடியில் வைத்துக்கொண்டு, "இங்கயா? இந்த மூலையிலயா?" என்று விரலால் தடவித் தடவிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது, போய்விட்டேன்.

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு ஷூ பெட்டியில் போட்டு, மூன்று மாதப் பழக்கத்தை நம்பி என் கையில் கொடுத்த மனிதர் அவர். நியாயமாகப் பார்த்தால் யார் யாரைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்?

முன்பின் தெரியாதவர் தரும் பொருளை வாங்காதீர்கள் என்று எல்லா ஏர்போர்ட்டிலும் எச்சரிக்கிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் உங்கள் பொருளைக் கொடுக்காதீர்கள் என்று ஓர் இடத்திலும் எழுதி வைக்கவில்லை... என்னைப் போன்றவர்களும் விமானம் ஏறுவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது!