குனியுற கடை

முதல் கடையின் ஜன்னல் ஆரம்பத்தில் ஒழுங்கான உயரத்தில்தான் இருந்தது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில், வாங்க வருபவரின் இடுப்பளவுக்கு அது இறங்கிவிட்டது. பொரித்த கோழி வைத்த பன்னை எல்லோரும் குனிந்துதான் வாங்கினார்கள். உள்ளே பள்ளத்தில் நின்ற அக்காவுக்கு (ஊருக்கே அவள் அக்காதான்) அது உறைக்கவே இல்லை.

அடுத்த கடைக்குத் தச்சரிடம், "அச்சு அசலா முதல் கடை மாதிரியே வேணும். இம்மி பிசகக் கூடாது" என்றாள். அவர் ஜன்னலை வெளியே நின்று அளந்தார். இரண்டாவது கடையிலும் ஜனங்கள் குனிந்தார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மாற்றப் பயந்து மூன்றாவதையும் நான்காவதையும் அப்படியே கட்டினாள்.

ஐந்தாவது கடை எலும்பு ஆஸ்பத்திரிக்கு எதிரே. இடுப்பில் பெல்ட் கட்டியவர்களை எப்படிக் குனியச் சொல்வது? ஜன்னலை நெஞ்சளவுக்கு உயர்த்தினாள். நாலு கடையையும் அடகு வைத்துத்தான் இதைக் கட்டியிருந்தாள்; இது படுத்தால் மற்ற நாலும் கூடவே படுத்துவிடும்.

திறந்த அன்று எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் நகர்ந்து போனார்கள். ஒருவர் மட்டும் நின்றார்.

"ஏம்மா, குனியுற கடை இங்க வருதுன்னாங்களே, எப்போ?"

"இதுதாங்க அது."

"விளையாடாதீங்க" என்று அவரும் போய்விட்டார்.

அக்கா ஒரு பன்னைக் கடித்துப் பார்த்தாள். அதே ருசி. அப்புறம் என்ன கேடு?

"நல்லா ஓடுற கடைக்கு நிமிர்ந்து நிக்க ஆசை வந்துடுச்சு" என்றான் உள்ளே கோழி பொரித்துக்கொண்டிருந்த அவள் தம்பி. "ஜன்னலை இறக்கிடுக்கா."

தச்சர் ரம்பத்தோடு வந்தார். "அறுக்கட்டுமா?"

"இருங்க... இல்ல, அறுங்க. ஐயோ, கொஞ்சம் இருங்க!"

"ஏதாவது ஒண்ணைச் சொல்லும்மா. கை கடுக்குது."

அப்போது இடுப்புப் பெல்ட்டோடு ஒரு பெரியவர் வந்து பன் கேட்டார். அக்கா கையை நீட்டினாள். மணிக்கட்டில் பழைய எண்ணெய்த் தழும்பு. அவர் பன்னை விட்டுவிட்டு அதையே பார்த்தார்.

"அட, அந்தக் கைதானே இது! முதல் கடையில வருஷக்கணக்கா இந்தக் கையிலதான் வாங்கித் திங்குறேன். மூஞ்சியை இன்னைக்குத்தான் பாக்குறேன்." தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "இதுதாம்பா அந்தக் கடை! வாங்க!"

நாலைந்து பேர் வந்தார்கள். பின்னால் இன்னும் சிலர்.

"அப்போ அறுக்க வேணாம்தானே?" என்றார் தச்சர்.

"தெரியலண்ணே. இன்னைக்கு வேணாம்."

கையை வெளியே நன்றாக நீட்டி நீட்டிக் கொடுத்தாள். இவர்கள் பன்னுக்கு வருகிறார்களா, குனிவதற்கா, இந்தக் கைக்கா? கைக்குத்தான் என்றால், அவள் எட்டிக்கூடப் பார்க்காத மற்றக் கடைகளில் கூட்டம் எதற்கு நிற்கிறது?

"அக்கா, வரிசை நிக்குது" என்றான் தம்பி.