நாலு கிழமைப் பிரதமர்

லில்லெஸ்ட்ரோமில் ரயிலுக்கு நின்றபோது யோகராசா அண்ணையின் மனைவி மலரக்காவின் அழைப்பு வந்தது. "இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார், தங்கச்சி." ரயிலில் ஏறினேன். உட்கார முடியவில்லை. அடுத்த நிலையத்திலேயே இறங்கி, நடைமேடையில் அங்குமிங்கும் நடந்தேன். யோகராசா அண்ணையும் அப்படித்தான். பேருந்து ஓட்டும்போது தவிர ஓரிடத்தில் இருக்காத மனிதர்.

ஹவுகன்ஸ்டுவாவில் எங்களோடு ஒரே குடியிருப்பில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவருடைய அமைச்சரவைக் கதை தெரியும். அறுபதுகளில் இங்கே நோர்வேயில் ஒரு சுரங்க விபத்தில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பொறுப்புக் கேட்டு, நெடுநாள் ஆண்ட அரசாங்கத்தை நாடாளுமன்றம் கவிழ்த்தது. அரசர் எதிர்த்தரப்பை அழைத்தார். அவர்கள் அமைத்த அமைச்சரவை ஒரு மாதம்கூட நிற்காமல் நாலு கிழமையில் விழுந்தது. பழையவர்களே திரும்பி வந்தார்கள். தன் பேருந்தில் வந்த ஒரு கிழவர் சொன்ன கதையை அண்ணை பிறந்தநாள் வீட்டிலும் சொல்வார், செத்தவீட்டிலும் சொல்வார்.

எனக்கு எரிச்சல் வரும். "தோத்த ஆக்களின்ரை கதையை ஏன் அண்ணை காவித் திரியிறியள்?"

"ஆர் தோத்தது? அந்தக் கதிரையிலை வேறை ஆக்களும் இருக்கலாமெண்டு சனம் கண்டிட்டுதெல்லே! ரண்டு வருசத்திலை தேர்தல்லை வெண்டிட்டாங்கள், பிள்ளை."

என் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீழ்த்தள மண்டபத்தைக் கேட்டேன். கறி மணக்கும் என்று குடியிருப்பு நிர்வாகசபை மறுத்தது. வந்த சனம் மாடிப்படியில் நின்று சோறு தின்றது. அண்ணை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கினார். ஒரு வாய் சாப்பிடவில்லை. "இது சரிவராது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் வேறு சிலரும் நிர்வாகசபைத் தலைவர்மேல் கோபமாக இருந்தார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அவரை இறக்கிவிட்டு அண்ணையை ஏற்றினார்கள். பழைய தரப்பு சும்மா இருக்குமா? உடனே கையெழுத்துச் சேர்த்து, நாலு கிழமையில் விசேட கூட்டம் கேட்டது. அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தியே, நாலு கிழமை!"

அந்த நாட்களில் அவர் செய்தது ஒரே வேலை. மண்டபத்தைத் திறந்தார், எல்லோருக்கும். அம்மாவின் முதல் வருசத்து ஆட்டைத் திவசச் சாப்பாடு அங்கேதான் நடந்தது. சனம் கதிரையில் இருந்து சாப்பிட்டது. மேல்மாடி நோர்வேக்கார அம்மையாரின் பிறந்தநாளுக்கு அண்ணையே மேசை போட்டார்.

விசேட கூட்டமும் வந்தது. அன்றைக்கென்று லோறென்ஸ்கூக்கில் ஒரு கலியாணம்! எங்கள் வாக்குகள் எல்லாம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டன. நான் போகமாட்டேன் என்று நின்றேன். அண்ணைதான் விரட்டினார்.

"போ பிள்ளை. கலியாணத்தைத் தள்ளிவைக்கேலாது. அரசாங்கம் விழலாம்."

விழுந்தது. பழைய தலைவர் திரும்பி வந்தார். அதன்பிறகுதான் நாங்கள் அண்ணையை 'நாலு கிழமைப் பிரதமர்' என்று கூப்பிட்டுச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் மண்டபத்தைப் பூட்ட வந்தபோது, அந்த மேல்மாடி அம்மையார் கதவடியில் நின்று, அடுத்த பிறந்தநாளை நான் எங்கே வைப்பது என்று கேட்டாராம். பூட்ட முடியவில்லை.

இன்று அண்ணையின் அந்தியேட்டிக்கு அந்த மண்டபத்திலேயே கூடியிருக்கிறோம். கறி நன்றாகவே மணக்கிறது. இப்போதைய நிர்வாகசபை இதைச் சாமான் அறையாக்கப் போகிறதாம். வரும் பொதுக்கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அண்ணை மறுபடி தலைவர் பதவிக்குப் போட்டியிடப் பெயர் கொடுத்திருந்தார். கூட்டத்துக்கு முன்பே போய்விட்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் கூட வருகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இருப்புக்கொள்ளாத குணம்தான். நேற்று அவருடைய பெயர் இருந்த இடத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெல்வேனா தெரியாது. வென்றாலும் எத்தனை நாள் விடுவார்களோ. நாலு கிழமை கிடைத்தால் எனக்குக் காணும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கூட்டம் அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்கு மட்டும் தயவுசெய்து ஒருவரும் கலியாணம் வைக்காதீர்கள்.