கைதட்டல், சிறிய அரங்கு

வாசகரே, நடுவர்களை விளித்தே பேசிப் பழகியவன் நான். இன்று உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். என் புகழை நானே மிகுத்து எழுதிய செய்தி இது.

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி, ஆஸ்டின் டவுனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். தொடர்களுக்கு வேண்டிய மழை, ரயில், நாய்க்குரைப்பு யாவும் அங்கே நாடாச் சுருள்களாக அலமாரியில் கிடந்தன. சொல்லைத் தட்டினால் ஒலி வரும்படி, நான் அக்கா என்றழைக்கும் ஒலிப்பொறியாளர் அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஒலிக்கும் குறிப்பு எழுதுவது என் பணி.

உரிமையாளருக்கு நம்பிக்கையில்லை. "அலமாரி எனக்கு மனப்பாடம்மா. ஒரு கஸ்டமர் முன்னால உன் கம்ப்யூட்டர் சரியா எடுத்துக் குடுக்கட்டும். இல்லன்னா திருப்பி அனுப்பிடு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் என் கைக்கு வந்தது, நான் முதற்பரிசு வென்ற பேச்சுப்போட்டியில் இக்கூடத்தார் பதிந்த கைதட்டல் சுருள். என் நினைவில் அது அரங்கை அதிரவைத்த முழக்கம். கேட்டுப்பாராமலே எழுதினேன்: 'கைதட்டல், மாபெரும் கூட்டம்.'

தொடர் இயக்குநர் ஒருவர் வந்து, தேர்தல் கூட்டக் காட்சிக்குக் கைதட்டல் கேட்டார். அக்கா 'மாபெரும் கூட்டம்' என்று கணினியில் தட்டினார். முப்பது பேர் தட்டும் ஓசை. நடுவே ஒரு நாற்காலியின் கிறீச்.

"ஏன்ம்மா, இதா தேர்தல் கூட்டம்? பந்திக்குப் போனவங்க போக மிச்சப் பேரு தட்டுன மாதிரி இருக்கு!" என்றார் உரிமையாளர். அக்கா தலைகுனிந்தார்.

நான் எழுந்தேன். "மெஷின் மேல தப்பில்ல சார். எனக்குத் தட்டுன கைதட்டல் அது. கேக்காமலே பெருசுன்னு எழுதிட்டேன்." எந்த மேடையிலும் தடுமாறாத குரல் அங்கே தடுமாறிற்று.

இயக்குநர் சிரித்துவிட்டுக் கன்னடம் கலந்து சொன்னார்: "பரவால்ல குரு! ஸ்கூல் ஆண்டுவிழா சீனுக்கு சக்கத்தா, பிரமாதமா இருக்கும்."

அங்கேயே திருத்தினேன்: 'கைதட்டல், சிறிய அரங்கு, முப்பது பேர், நாற்காலி ஓசை.' அக்கா மீண்டும் பெருங்கூட்டத்தைத் தேடினார். மைதானம் ஒன்றில் அவரே பதிந்து குறித்த ஆரவாரம் அறையை நிறைத்தது. பிறகு சிறிய அரங்கு. நொடியில் என் முப்பது பேர்.

"நான் ஸ்டூல் போட்டு ஏறுறதுக்குள்ள ரெண்டும் வந்துடுச்சே! சரி, இருக்கட்டும்" என்று உரிமையாளர் அலமாரிச் சாவியை அக்காவிடம் கொடுத்தார்.

"அடுத்த சுருள எடுங்க, பேச்சாளரே" என்றார் அக்கா.

காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இனிமே முழுசாக் கேட்டுட்டுத்தான்க்கா எழுதுவேன். எனக்குத் தட்டுனதா இருந்தாலும்."