சுங்காய்க்குத் தெரியாமல் சுங்காய் தோற்ற விவாதம்

வாசகரே, இந்த வழக்கில் நீங்கள் சாட்சி. உங்களை நடுவராக அமர்த்தலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் தீர்ப்பை ஒரு லோரி ஓட்டுநர் ஏற்கெனவே வழங்கிவிட்டார். ஆகவே நடந்ததை நடந்தபடி கேளுங்கள். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று பிறகு யாரேனும் கேட்டால் சொல்லுங்கள். அது போதும்.

நான் ஈப்போவில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். செம்பனை ஆலைகளின் எடைமேடைகளுக்கு நிரல் எழுதுவது எங்கள் தொழில். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறி நிற்கும், எடை திரையில் தெரியும், சீட்டு அச்சாகும், சீட்டு இருந்தால்தான் ஆலைக்குள் விடுவார்கள். அந்தத் திரைக்கும் சீட்டுக்கும் நடுவில் இருப்பது எங்கள் நிரல்.

நிரலாளன் ஆவதற்கு முன்பே நான் பேச்சாளன். பள்ளி நாள்களிலிருந்தே சொற்போர் மேடைகளில் பயின்றவன். வீட்டு அலமாரியில் கோப்பைகள் இருக்கின்றன. எத்தனை என்று சொல்ல மாட்டேன், அடக்கமும் எங்கள் பயிற்சியில் ஒரு பாடம். மேடை எனக்குக் கற்றுத்தந்த சட்டங்களில் இரண்டை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். எதிரணி மறுக்காத வாதம், ஏற்கப்பட்ட வாதம். இறுதி மணிக்குப் பிறகு சொல்லப்படும் எதுவும் செல்லாது.

இந்த இரண்டு சட்டங்களையும் நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பிழை அங்கே தொடங்கியது.

நிரலை எழுதுவது ஒரு வேலை. எழுதியதை எல்லாம் சேர்த்து, கணினியில் ஓடக்கூடிய ஒரே பொருளாகக் கட்டித் தருவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவதை நாங்கள் பில்டு என்போம். எங்களிடம் இரண்டு வகைப் பில்டுகள் இருந்தன. புதியது, கட்டளை கொடுத்துவிட்டு நீங்கள் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும். பழையது, மேசைக்கடியில் கிடந்த ஒரு தனிக் கணினியில் மட்டும் ஓடும். ஓடும்போது அந்தக் கணினி உறுமும். நடுவில் யாராவது மேசையில் இடித்தால் முதலிலிருந்து தொடங்கும். நாங்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் கருவியைச் செய்பவர்கள், அடுத்த பதிப்பிலிருந்து பழைய பில்டு முறைக்கு ஆதரவு இல்லை என்று அறிவித்தார்கள். அவர்களைப் பின்பற்றி நாமும் கைவிடுவதா, பழைய கருவியோடு ஒட்டிக்கொண்டு இருப்பதா? இதுதான் கேள்வி.

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, ஈப்போவில் தமிழர் நிறைந்த புந்தோங்கில் வளர்ந்த சீனர். தமிழ் பேசுவார், என் தமிழைத் தவிர மற்ற எல்லாத் தமிழும் அவருக்குப் புரியும். "புதன்கிழமை ஒக்காந்து பேசலாம்லா," என்றார். பேசலாம் என்ற சொல் என் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

விவாதத்துக்கு எதிரணி வேண்டும். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் என்னைவிட மூன்று வயது மூத்த ஓர் அக்கா. பழைய பில்டைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆகவே அதை ஆதரித்துப் பேச அவரையே நியமித்தேன்.

"எனக்கு அத காப்பாத்தணும்னு ஒண்ணும் இல்லயே," என்றார் அக்கா.

"எதிரணி அப்படித்தான் தொடங்கும் அக்கா. தன்னடக்கம் நல்ல உத்தி."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் பால் சேர்க்காத தன் கோப்பி ஓவைக் கலக்கத் தொடங்கினார்.

புதன்கிழமை நான் பேசினேன். அந்தப் பேச்சை முழுவதும் இங்கே எழுத இடமில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பழையதைச் சுமப்பவன் புதியதை ஏந்தக் கை இல்லாதவன் என்றேன். ஒரு கருவி எல்லாருக்கும் எல்லாமுமாக இருக்க முயன்றால் ஒருவருக்கும் ஒன்றுமாக இராது என்றேன். பழைய முறையைத் தாங்கிப் பிடிக்கும் ஒவ்வொரு நாளும், புதிய முறையில் திருத்த வேண்டிய ஒரு பிழை திருத்தப்படாமல் போகிறது என்றேன். இவை உண்மைகள், இன்றும் சொல்வேன். கைப்பேசியில் வைத்திருந்த மணி அடித்தது. அக்காவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தேன். அவர் வாய் திறக்கவில்லை. கணினியில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இறுதி மணியும் அடித்தது.

"எதிரணி மறுக்கவில்லை," என்று அறிவித்தேன்.

"அப்ப சரி," என்றார் தவுக்கே. "அந்த மேசைக்குக் கீழ உள்ள பெட்டிய எடுத்துரு. என் கால் இடிக்குது."

நான் தவுக்கே அறையை விட்டு வெளியே வந்தபோது அக்காவின் குறிப்பு என் திரையில் வந்து நின்றது. மணிக்குப் பின் வந்தது. அதைத் திறக்கவில்லை. திறக்காதது சோம்பல் அன்று, கொள்கை. வெள்ளிக்கிழமை பிற்பகல் மேசைக்கடியில் இருந்த கணினியை முழுவதுமாக அழித்து, புதிய முறையை அதில் ஏற்றினேன். அது உறுமுவதை நிறுத்தியது. வெற்றிக்கு இவ்வளவு அமைதியான ஓசை இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

இப்போது ஈப்போவுக்குத் தெற்கே இருக்கும் சுங்காய்க்கு வருவோம். அங்கே பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்று செம்பனையாக மாறிய இடத்தில் ஓர் ஆலை இருக்கிறது. திங்கட்கிழமை முதல், ஒவ்வொரு சீட்டிலும் குலைக்குச் சொந்தக்காரரின் உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் லோரியை உள்ளே விட மாட்டோம், கையால் எழுதினாலும் செல்லாது என்று ஆலை நிர்வாகம் சொல்லியிருந்தது. அங்கே குலை கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் சில ஏக்கர் வைத்திருக்கும் நம் ஆட்கள். வெட்டிய குலை வெயிலில் காத்திருந்தால் கெட்டுப்போகும். எண்ணை அச்சிடும் மாற்றத்தை எழுதியது நான். சனிக்கிழமை புதிய பில்டில் கட்டி, எடைமேடைக் கிராணிக்கு, அதாவது அங்கே சீட்டு போடும் எழுத்தருக்கு, அனுப்பினேன். எடைமேடைக் கணினிக்கு இணையம் கிடையாது. கிராணி தன் மடிக்கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் ஏற்றுவார்.

ஞாயிறு காலை அவர் அழைத்தார்.

"தம்பி, நீங்க அனுப்புனது தொறக்க மாட்டேங்குது."

"மீண்டும் ஒருமுறை முயன்று பாருங்கள் அண்ணே."

"பத்து தடவ பாத்துட்டேன். இது நம்ம மெஷினுக்குச் சேராதுன்னு திரையில வருது. நாளைக்கு லோரி வந்தா நான் என்ன சொல்ல?"

அப்போதுதான் அக்காவின் குறிப்பைத் திறந்தேன். நான்கு வரிகள். "பழைய பில்டை எடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். எனக்கே அதைக் கண்டால் எரிச்சல். ஆனால் சுங்காய்க் கணினி பழையது, தராசுக் கருவி அதில் மட்டும்தான் பொருந்தும். ஆண்டுக் கடைசியில் மாற்றுவார்கள், அதுவரை பெட்டியில் கை வைக்காதே."

சாட்சியே, கவனியுங்கள். நான் மூன்று நிமிடத்தில் முறியடித்த எதிரணி, என் அணியில் இருந்தது.

அக்காவை அழைத்தேன்.

"பெட்டியக் கழுவிட்டியா?"

"முழுவதுமாக அழித்துவிட்டேன் அக்கா."

"அதுல உள்ள பழைய சாமான இனிமே எங்கேயும் வாங்க முடியாது, தெரியுமா?" பிறகு பெருமூச்சு. "சுங்காய் மெஷின்லயே பழைய பில்டு ஒண்ணு கெடக்கு. நான் வேலைக்குச் சேந்த வருசம் அங்கதான் ஒக்காந்து கட்டுனேன். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாசல்ல நில்லு. வழியெல்லாம் பேசாம வரணும்."

பேசாமல் வந்தேன். தெற்கே போகும் நெடுஞ்சாலை அவ்வளவு நீளமானது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலை வாசலில் ஏழு லோரிகள் நின்றன. கிராணி அறை ஒரு சன்னலும் ஒரு மின்விசிறியும் உள்ள தகரக் கொட்டகை. நான் கணினியின் முன் அமர்ந்து, கொண்டுவந்த நிரலை ஏற்றிப் பழைய பில்டை ஓடவிட்டேன். அது ஓடியது, நின்றது. நான் புதிய முறையின் சொகுசில் எழுதிய பல வரிகள் பழையதற்குப் புரியவில்லை. ஒன்றைத் திருத்தினால் அடுத்ததில் நின்றது. ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம்.

சன்னலில் முகங்கள் சேர்ந்தன.

"என்ன அண்ணே, மேடை திறக்கலயா?" என்று ஓர் ஓட்டுநர் கேட்டார்.

கிராணி என்னைக் காட்டினார். "ஈப்போவுல ஆபீஸ்ல போட்டி வச்சாங்களாம். பழசு வேணுமா புதுசு வேணுமான்னு. பழசு தோத்துருச்சாம். நம்ம மெஷின் பழசு."

"அப்ப நம்ம தோத்துட்டோமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"நாங்க எப்பலா போட்டியில சேந்தோம்?"

சன்னலில் சிரிப்பு. அக்காவும் சிரித்தார், அதை நான் மறக்க மாட்டேன். விளக்கம் தரவேண்டியது என் கடமை என்று கருதி எழுந்து நின்றேன். "ஐயா, தொழில்நுட்பத்தின் இயல்பு என்னவென்றால், பழையன கழிந்தே புதியன..."

"பேச்சு நல்லா இருக்கு தம்பி," என்றார் அந்த ஓட்டுநர், மனதாரவே. "என் குலை நேத்து வெட்டுனது. ஒக்காந்து வேலையப் பாரு."

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட தீர்ப்பு இதுதான். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. அமர்ந்தேன்.

அக்கா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்த வரியில் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரியாத அந்தப் பழைய முறையின் ஒவ்வொரு பிடிவாதமும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் அவர் திட்டிய விதத்தைக் கேட்டபோது, புதன்கிழமை நான் பேசியதெல்லாம் மிகவும் மென்மையான கண்டனம் என்று தோன்றியது. "இந்தச் சனியன எடுக்கணும்னு நான் ரெண்டு வருசமா சொல்றேன்," என்றார். "நீ ஒரு நாள் பேசிட்டு எடுத்துட்ட."

"நீங்கள் மேடையில் சொல்லியிருக்கலாமே அக்கா."

"மேடை எங்கடா இருந்துச்சு? மீட்டிங்தான் இருந்துச்சு."

பதினொன்றரை மணிக்குப் பில்டு முடிந்தது. கிராணி முதல் லோரியை மேடைக்கு அழைத்தார், என் பேச்சைப் பாராட்டியவருடையது. அச்சுப்பொறி இரண்டு முறை முனகிவிட்டுச் சீட்டைத் தள்ளியது. உரிம எண் இருந்தது. கொஞ்சம் சாய்வாக, ஆனால் இருந்தது. அந்த ஓட்டுநர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெயிலில் கிடந்த குலைகளையும் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் திரும்பிப் போயிருக்கணும்," என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அவர் வெறுமனே சொன்னார்.

என் கட்சி மாறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். கருவிகள் பழைய முறைகளைக் கைவிடத்தான் வேண்டும். கைவிடாத கருவி, அக்காவைப் போன்ற ஒருவரின் ஆண்டுகளைத் தின்றுகொண்டே இருக்கும். ஆனால் கைவிடுவதைத் தீர்மானித்த அறையில், கைவிடப்படுகிறவர் ஒருவரும் இல்லை. அவருக்காக ஒருவரை நியமித்ததும் நான். அவர் பேசவில்லை என்று மணியடித்ததும் நான்.

கடைசி லோரி உள்ளே போனதும் புறப்பட எழுந்தோம். கிராணி வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, நீங்க பேச்சாளர்னு அக்கா சொன்னாங்க. இந்த மெஷின் இன்னும் வருசக் கடைசி வரைக்கும் ஓடணும். போறதுக்கு முன்னால ஒரு வார்த்த சத்தமா சொல்லிட்டுப் போங்க. இவங்க எல்லாம் கேக்கட்டும்."

சீட்டு வாங்கிக் குலை இறக்கிவிட்டு வந்த மூன்று ஓட்டுநர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டிய குளிர்பானத்தோடு நிழலில் நின்றார்கள். எனக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது. தொண்டையைச் செருமினேன். 'அவையோருக்கு வணக்கம்' நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன்.

"அண்ணே," என்றேன், ஆலை இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி, "வருசக் கடைசியில உங்களுக்குப் புது மெஷின் வந்து, அதுல உங்க கையால முதல் சீட்டு அச்சாகுற வரைக்கும், ஒவ்வொரு மாற்றத்தையும் நானே இங்க வந்து, இந்த நாற்காலியில ஒக்காந்து, இந்தப் பழைய பில்டுலயே கட்டித் தருவேன். அதுக்கப்புறம் இத நிறுத்தணும்னா, உங்ககிட்டக் கேக்காம நிறுத்த மாட்டேன்."