பத்து விசில்

குக்கர் எட்டாவது விசில் அடித்தபோது காலிங்பெல்லும் அடித்தது. ஒரு மாதத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை மணி.

கதவைத் திறந்தேன். கீழ்வீட்டு செல்வி அக்கா. கையில் ஒரு சின்னத் தூக்கு.

"தம்பி, அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டும் வாய்க்கசப்பு போகலை. எதை வெச்சாலும் தட்டைத் தள்ளி விட்டுடறாரு. இப்ப உங்க வீட்டுத் தக்காளி வாசனை வந்ததும் அவரே வாயைத் திறந்து கேட்டாரு. மட்டன் குழம்பு ரெண்டு கரண்டி ஊத்துங்க, போதும்."

எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அடுப்பில் இருந்தது மட்டன் இல்லை. மாட்டுக்கறி.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் பொறுப்பு. சர்ச் முடிந்ததும் மனைவி ஸ்டெல்லாவை வீட்டில் இறக்கிவிட்டு, மந்தாரக்குப்பம் கடைக்குப் போய் ஒரு கிலோ கறி வாங்கி வருவேன். எலும்போடு, கொஞ்சம் கொழுப்போடு. அது குக்கரில் வேகும்போதே பக்கத்து அடுப்பில் அகலமான சட்டி. பட்டை, கிராம்பு, வெங்காயம், பச்சை மிளகாய். பிறகு ஒரு கிலோ தக்காளி — சொட்டுத் தண்ணீர் விடாமல், அது தன் தண்ணீரிலேயே குழைந்து சிவக்க வேண்டும். அதில் வெந்த கறி, கேரட், உருளைக்கிழங்கு, நிறைய மிளகு. இந்த ஸ்டூவுக்காகவே என் மகள்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலிலிருந்து பஸ் ஏறி வருவார்கள்.

பழைய வாசகர்களுக்கு இது தெரியும். போன வருடம் இதே பக்கத்தில் செய்முறையோடு எழுதினேன். படிக்கும்போதே வாய் ஊறியது என்று பலர் எழுதினீர்கள். செய்து பார்த்த ஒரு வாசகி மட்டும், 'குழம்பில் கறியையே காணோம், கரைந்து போய்விட்டது' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பதில் போடாமலே விட்டுவிட்டேன்.

சரி, செல்வி அக்காவுக்கு ஏன் அது மட்டன் ஆனது?

நான் சொன்னதுதான். ஆறு வருடத்துக்கு முன் இந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்த புதிதில், "என்ன தம்பி, வாசனை தூக்குது?" என்று கேட்டார். "மட்டன்க்கா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. 'சௌக்கியமா' என்றால் 'சௌக்கியம்' என்கிறோமே, அந்த மாதிரி வந்துவிட்டது.

அப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை பார்த்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி டவுன்ஷிப்புக்கு வந்தபோது கூடவே இரண்டு பழக்கங்கள் வந்தன. கறியைக் கறுப்புக் கவரில் வாங்குவது. கேட்டால் மட்டன் என்பது. பக்கத்து வீட்டில் திருநெல்வேலி, எதிர்வீட்டில் சேலம்… யாரும் எங்களை மிரட்டியதில்லை. மிரட்டுவதற்கு முன்பே நாங்கள் பயந்துகொண்டோம். இப்போது டி.வி.யில் மாட்டுக்கறியை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கத்துகிறார்கள். அந்தச் சத்தத்தைக்கூட நான் குறைத்து வைத்துத்தான் பார்ப்பேன்.

செல்வி அக்கா எங்களுக்கு வெறும் கீழ்வீடு இல்லை. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது பதினைந்து நாள் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தவர். அவரும் அவர் கணவரும் ஆடு, கோழி எல்லாம் சாப்பிடுவார்கள். மாடு தொட மாட்டார்கள்.

தூக்கை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்து நின்றேன். ஊற்றினால் துரோகம். ஊற்றாவிட்டால், ரெண்டு கரண்டி குழம்புக்குக் கணக்குப் பார்க்கிறவன். உண்மையைச் சொன்னால்… ஆறு வருடம்?

"வெறும் தக்காளிதானே, இன்னும் கறி சேர்க்கல. அதுல ஊத்திட்டா என்ன?" என்று ஸ்டெல்லாவிடம் கிசுகிசுத்தேன். அவள் முறைத்தாள்.

"அது வாரா வாரம் மாட்டுக்கறி ஆக்கற சட்டிங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா குடிப்பாங்களா? இன்னும் எத்தினி நாளைக்கு மறைச்சிக்கினு இருக்கப் போறீங்க? போய்ச் சொல்லுங்க."

போனேன். காலித் தூக்கை நீட்டினேன். "அக்கா, இது மட்டன் இல்லை. மாட்டுக்கறி."

அக்கா தூக்கை வாங்கவில்லை. "எப்பவுமா?"

"ஞாயித்துக்கிழமை… எப்பவுமேதான்."

"கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி குடுத்து விடுவீங்களே?"

"சத்தியமா அது ஆடுதான்க்கா. உங்களுக்கு ஒரு தடவைகூட…"

"அதையும் நீங்கதானே தம்பி சொல்றீங்க."

தூக்கை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாட்டுக்கறி தின்றது தப்பு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அதன் பெயரை மாற்றிச் சொன்ன வாயால், இனி எந்தப் பெயரைச் சொன்னால் நம்புவார்கள்? ஆட்டை ஆடு என்று சொல்லும் உரிமையையும் சேர்த்தல்லவா தொலைத்திருந்தேன்.

அன்றைக்கு ஸ்டூ வழக்கம்போலத்தான் வந்தது. எனக்கு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. படியில் பார்த்தால் 'ம்' என்று ஒரு தலையசைப்பு. சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவாரோ என்று ஒவ்வொரு பெல்லுக்கும் வந்தவர் கையைத்தான் முதலில் பார்த்தேன்.

மூன்றாவது ஞாயிறு பெல் அடித்தது. அக்காதான். சாவி இல்லை. கையில் ஒரு அலுமினியச் சட்டி.

"அக்கா, இன்னைக்கும் மாடுதான்" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

"தெரியும். விசிலை எண்ணிட்டுத்தான் வர்றேன். பத்து. ஆட்டுக்கறிக்கு யாரு தம்பி பத்து விசில் விடுவா? ஆறு வருசமா காதுல விழுந்தும் யோசிக்காம இருந்திருக்கேன்." சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "கிறிஸ்துமஸ் அன்னைக்கு மட்டும் உங்க வீட்ல நாலு விசில்தான் வரும். ரெண்டு வாரமா நெனைச்சு நெனைச்சுப் பார்த்தேன். நாலுதான். நீங்க சொன்னது நெசம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சத்தியத்தால் ஆகாததை என் குக்கர் செய்திருந்தது.

"அண்ணன் இன்னும் அந்தத் தக்காளி வாசனையைச் சொல்லிட்டே இருக்காரு. இந்தச் சட்டியில தனியா வதக்கிக் குடுங்க. கரண்டியும் உள்ள இருக்கு."

தனிச் சட்டி. தனிக் கரண்டி. எங்கள் அப்பா டீக்கடையில் தனி டம்ளரில் குடித்தவர். உள்ளே சுருக்கென்று குத்தியது. ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அது நம்மளத் தள்ளி வெச்ச டம்ளருங்க. இது நம்ம கையால ஆக்கிச் சாப்பிடணும்னு அவங்களே தூக்கிக்கினு வந்த சட்டி" என்றாள். முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் வதக்கினேன். கரண்டியை மாற்றிவிடாமல், கவனமாக. அண்ணன் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாராம்.

அந்தச் சட்டி இப்போது எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. எங்கள் சாவி அவர்கள் ஆணியில் இருக்கிறது.

கடைசியாக, கறி கரைந்து போனதாகக் கடிதம் எழுதிய அந்த வாசகிக்கு, ஒரு வருடம் தாமதமான பதில். 'மட்டன் ஸ்டூ, பத்து விசில்' என்று நான் எழுதியதை நம்பி அப்படியே செய்தீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, அம்மா… அது மாடு.