காடேக் வெந்நீரில் வாழும் பச்சை

காலை எட்டு மணிக்கு மலாக்கா பஸ் நிலையத்தில் தம்பின் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி தேவகியும். அலோர் காஜா தாண்டி காடேக் வரை ஏறக்குறைய பதினேழு மைல். ஒருவருக்கு எழுபது காசு. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. பஸ்ஸின் முகப்பில் ஒரு காகிதக் கொடி வெயிலில் வெளுத்து ஆடிக்கொண்டிருந்தது.

தேவகி மலாக்கா காஜா பெராங் செட்டிக் குடும்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் பேசுவது மலாய். நடுநடுவே தமிழ்ச் சொல் விழும். அவள் சொன்னதைத் தமிழிலேயே எழுதுகிறேன்; கணவனைக் கூப்பிடும் 'பாங்' என்ற மலாய்ச் சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன். எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் கல்யாணம் நடந்தது. உஜோங் பாசிரில் என் வீட்டில் இரண்டு மாதம் இருந்தவள், அம்மாவைப் பார்த்து வருகிறேன் என்று போனாள். ஒரு மாதமாகத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஆள் விட்டுக் கேட்டேன். சரி என்றாள். அன்றைக்குள் எப்படியாவது அவளை வீட்டுக்கு அழைத்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

டிக்கெட் கிழித்த கண்டக்டர், "அண்ணே, ஆயர் பானாஸ் வெந்நீர் ஊத்துக்கா போறீங்க? அவிக்க முட்டை எங்க?" என்றார்.

"இல்லியே."

"முட்டை இல்லாம அங்க போற மொத ஆளு நீங்கதான்!"

தேவகி மடியிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள். நான்கு முட்டைகள்.

"பாருங்க, அண்ணிதான் கெட்டி," என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்கு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம். தீக்குச்சி உரசிய வாசனை முதலில் வந்தது. பிறகு கல் கட்டிய குளம். விரலை வைத்தேன், உடனே இழுத்துக்கொண்டேன். நீர் வழிந்தோடும் கல்லில், ஊற்றை ஒட்டி வெள்ளை நூல்கள் அசைந்தன. சற்றுத் தள்ளி அடர் பச்சை; அதையும் தாண்டி ஆரஞ்சு. ஈரக் கம்பளி விரித்த மாதிரி இருந்தது. வெயில் பட்ட இடத்தில் பச்சைக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன.

கீழ் வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர், அதைச் சுரண்டி எறிந்தாலும் சில நாளில் திரும்ப வளர்ந்துவிடும் என்றார். அதற்கு உயிர் இருக்கிறது! பின்னால் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒட்டிய படலம் அது, அந்தச் சூடுதான் அவற்றுக்குச் சுகம், ஆறிய நீரில் அவை பிழைப்பது கடினம் என்றார்.

தேவகி குனிந்து பச்சையை வழித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"கையை வெந்நீர்ல கழுவு," என்றேன் பழக்கத்தில்.

"இது என்ன தண்ணி பாங்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. "நான் குடிச்ச கோப்பையைத் தினமும் கொதிக்க வச்சீங்க. தட்டையும். எங்க ஆளுங்க சுத்தமில்லன்னுதானே?"

"இல்ல, தேவகி. ஆஸ்பத்திரியில ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் கொதிக்க வைக்கிறதுதான் என் வேலை. இருபது வருஷப் பழக்கம். என் கோப்பையையும்தான் கொதிக்க வைக்கிறேன். என் சீப்பையும்."

"சீப்பையுமா?"

"ரெண்டு சீப்பு வளைஞ்சே போச்சு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மலாய்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கொதிச்சா எதுவும் மிஞ்சாதுன்னு நெனச்சேன்," என்றேன்.

பச்சை ஒட்டிய கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது மிஞ்சியிருக்கே, பாங்."

கைக்குட்டையோடு குளத்தில் இறக்கி வைத்த முட்டைகள் அரைவேக்காடாகத்தான் வந்தன. உப்பில்லாமல் ஆளுக்கு இரண்டு குடித்தோம். வீட்டுக்கு வருகிறாயா என்று மட்டும் நான் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸிலும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மலாக்காவில் இறங்கியதும், "காஜா பெராங் போகலாம்," என்றாள். சரி என்று பின்னால் நடந்தேன். அம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, போய்வருகிறேன் என்று சொல்ல வார்த்தை தேடினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன் பாங் அங்கேயே நிக்கிறீங்க? பெட்டி கனமா இருக்கு. வந்து ஒரு பக்கம் பிடிங்க."